சுண்டெலியின் மண்ணீரலில் கிடைத்த மனித ஆன்டிபாடி

நாய் கடித்து மருத்துவமனைக்குப் போகிறவர்களுக்குக் காயத்தைச் சுற்றிப் போடப்படும் மருந்துகளில் ஒன்று ரேபிஷீல்டு. புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. 2017-இல் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்தது. குப்பிக்குள் இருப்பது ஒரே வகையான மனித ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடித்துச் செயலிழக்க வைக்கும் புரதம். ஆனால் எந்த மனிதரின் ரத்தத்திலிருந்தும் அது எடுக்கப்படவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாஸ்பயாலஜிக்ஸ் ஆய்வகத்தில் சில சுண்டெலிகளுக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டார்கள். பிறகு அவற்றின் மண்ணீரல் செல்களில் தேடித் தேடி இந்த ஆன்டிபாடியைக் கண்டெடுத்தார்கள். ஆய்வகத்தில் அதற்கு வைத்த பெயர் 17சி7. அந்தச் சுண்டெலிகள் மனிதரின் ஆன்டிபாடி மரபணுக்களோடு பிறந்தவை.

நான் கால்நடை மருத்துவர். நாய்களோடும் மாடுகளோடும் வேலை பார்ப்பதால் ரேபிஸ் எனக்கு அன்றாட விஷயம். வெறி பிடித்த நாயைப் பார்த்திருக்கிறேன், வெறிநாய் கடித்து வாயில் நுரை தள்ளிக் கத்திக்கொண்டே செத்த கறவை மாட்டையும் பார்த்திருக்கிறேன். ஆகவே இந்தக் குப்பியின் கதையைத் தெரிந்துகொண்டபோது அது எனக்கு வெறும் உயிரித் தொழில்நுட்பச் செய்தியாகப் படவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் தங்கள் உயிரைக் காப்பாற்றும் வேலையை விலங்குகளின் ரத்தத்திடம் ஒப்படைத்து வந்திருக்கிறார்கள். அந்த நெடுங்கதையின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று இது.

முதலில், எதற்கு இந்த மருந்து? ரேபிஸ் வைரஸ் கடிபட்ட தசையிலிருந்து நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பு வழியாகவே மூளையை நோக்கி ஊர்கிறது. தடுப்பூசி போட்டதும் உடல் தனக்கான ஆன்டிபாடியைத் தயாரிக்கத் தொடங்குகிறது. அது போதிய அளவு சேர ஏழு முதல் பத்து நாள் ஆகும். கடி ஆழமாக இருந்தால், அதுவும் முகத்திலோ கழுத்திலோ விரல்களிலோ இருந்தால், அத்தனை நாள் காத்திருப்பது ஆபத்து. அந்த இடைவெளியை அடைக்கத்தான் வேறோர் உடலில் தயாரான ஆன்டிபாடியைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். வைரஸ் நரம்பைத் தொடுவதற்கு முன் அதைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். நோய் மூளையை எட்டி அறிகுறி தெரிந்துவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் பெரும்பாலும் பயனில்லை.

அந்த 'வேறோர் உடல்' நெடுங்காலம் குதிரையுடையதாகவே இருந்தது.

1890-இல் பெர்லினில் எமில் வான் பேரிங், ஷிபாசாபுரோ கிட்டாசாட்டோ இருவரும் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். டெட்டனஸ் நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, எடுத்து இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அந்தப் பாதுகாப்பும் கூடவே போகிறது. தொண்டை அடைப்பான் என்று நம் ஊரில் சொன்ன டிப்தீரியாவால் குழந்தைகள் மூச்சுத் திணறிச் செத்துக்கொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளிலேயே ஐரோப்பாவெங்கும் குதிரை லாயங்கள் மருந்துத் தொழிற்சாலைகளாக மாறின. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சு கொடுத்து, அதன் கழுத்து நாளத்திலிருந்து ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்தார்கள். குதிரை பெரிய விலங்கு, பொறுமையானது, லிட்டர் கணக்கில் ரத்தம் தந்தும் தேறிக்கொள்ளும். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் பேரிங்குக்குக் கிடைத்தது.

அதே 1901-இல்தான் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜிம்மின் கதையும் நடந்தது. பால் வண்டி இழுத்துக்கொண்டிருந்த ஜிம் என்ற அந்தக் குதிரை பிறகு டிப்தீரியா சீரம் தரும் குதிரையானது. அதற்கு டெட்டனஸ் கண்டுவிட்டது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே எடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் குப்பிகளில் அடைபட்டு வெளியே போனது. 13 குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கா உயிரிய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் இந்தக் குதிரையைப் பற்றி ஒரு வகுப்பாவது எடுக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். விலங்கின் உடல்நலமும் மனிதரின் உடல்நலமும் ஒரே குப்பிக்குள் இருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

சுத்தமான சீரத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. குதிரைச் சீரம் போட்ட குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி வந்தன. வியன்னாவில் கிளெமென்ஸ் வான் பிர்கேயும் பேலா ஷிக்கும் இதைக் கூர்ந்து கவனித்து 1905-இல் விரிவாக எழுதினார்கள். நோயைக் கொடுத்தது டிப்தீரியா இல்லை. குதிரையின் புரதத்தை அந்நியன் என்று கண்டு குழந்தையின் உடல் தொடுத்த போர்தான் அந்தக் காய்ச்சலும் மூட்டு வலியும். இன்றைய குதிரை மருந்துகள் எவ்வளவோ சுத்திகரிக்கப்பட்டவை. ஆன்டிபாடியின் வால் பகுதியை நொதி கொண்டு வெட்டிவிட்டுப் பிடிக்கும் கைகளை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வாமை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் குதிரை குதிரைதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு மூதாட்டி என் மருந்தகத்துக்கு வந்தார். அவர் வீட்டுத் தெருவில் திரிந்த நாய் பேத்தியின் கன்னத்தைக் கடித்துவிட்டது. அந்த நாயை நான்தான் பார்த்தேன். தாடை தொங்கி, தண்ணீர் விழுங்க முடியாமல், இரண்டு நாளில் செத்தது. பிள்ளையை உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகச் சொல்லியிருந்தேன். காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, கன்னத்தைச் சுற்றி ஊசி போட்டு, தடுப்பூசியும் தொடங்கியிருந்தார்கள். பாட்டிக்கு ஒரே கவலை.

"டாக்டரம்மா, கொழந்த கன்னத்துல சுத்திச் சுத்திப் போட்டாங்களே, அது குதுர ரத்தமாமே? நம்ம ஒடம்புக்கு ஒத்துக்குமா?"

"ரத்தம் இல்ல ஆயா. ரத்தத்துலேர்ந்து பிரிச்சு எடுத்த மருந்து. புள்ளைக்கு அது இப்ப கட்டாயம் வேணும். உடம்பு தடிச்சா, காய்ச்சல் வந்தா மட்டும் உடனே கூட்டிக்கிட்டுப் போங்க."

"மனுசங்க ரத்தத்துலேர்ந்து எடுக்க மாட்டாங்களா?"

எடுக்கிறார்கள். தடுப்பூசி போட்டுக்கொண்ட கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து, அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியிலிருந்து, எடுக்கும் மனித இம்யூனோகுளோபுலின் என்ற ஆன்டிபாடித் தொகுப்பு இருக்கிறது. ஒவ்வாமை அரிது. குதிரை மருந்து உடல் எடையில் கிலோவுக்கு 40 அலகு என்றால், இது 20 அலகு போதும், ஏனென்றால் மனித உடலில் மனித ஆன்டிபாடி அதிக நாள் தங்கும். ஆனால் கொடையாளர்கள் வேண்டும், ஒவ்வொருவரின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும், விலை பல மடங்கு. ஆண்டுக்கு 90 லட்சம் விலங்குக்கடிகள் நடக்கும் நாட்டுக்கு அது எந்தக் காலத்திலும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட கணக்கு அது. ரேபிஸ் சாவுகள் ஆண்டுக்குச் சுமார் 5,700 என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. முன்பு சொல்லப்பட்டுவந்த 20,000-ஐவிட இது குறைவு என்பதில் எனக்கு மகிழ்ச்சி உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடிய சாவு.

ஆயா கேட்டது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். மருந்து உலகம் பல பத்தாண்டுகள் மோதிக்கொண்டிருந்த சுவர் அதுதான். மனித ஆன்டிபாடி வேண்டும், ஆனால் மனிதரிடமிருந்து எடுக்க முடியாது.

1975-இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் செசார் மில்ஸ்டைனும் ஒரு வழி கண்டார்கள். சுண்டெலியின் மண்ணீரலிலிருந்து ஆன்டிபாடி தரும் செல்லை எடுத்து, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்தார்கள். ஒரே வகை ஆன்டிபாடி, எவ்வளவு வேண்டுமானாலும், எவ்வளவு காலத்துக்கும். அதைத்தான் மோனோகுளோனல் என்கிறோம். அந்த முறையில் வந்த முதல் மருந்து 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கான மியூரோமோனாப். அதிலும் வியன்னாவில் கண்ட அதே கதை திரும்பியது. நோயாளியின் உடல் சுண்டெலியின் ஆன்டிபாடியை எதிர்த்து ஆன்டிபாடி தயாரித்தது. இரண்டாம் முறை போட்டால் மருந்து வேலை செய்யாமல் போகும் ஆபத்து. பாதி எலி பாதி மனிதன் என்று ஒட்டவைத்துப் பார்த்தார்கள். பிரிட்டிஷ் விஞ்ஞானி கிரெக் வின்டர், எதிரியைப் பிடிக்கும் நுனிகளை மட்டும் எலியிடமிருந்து எடுத்து மீதியை மனிதனாக்கினார். இவையெல்லாம் நல்ல மருந்துகளைத் தந்தன. ஆனால் ஒவ்வொன்றும் கையால் செதுக்க வேண்டிய வேலை. செதுக்கியபின் பிடிமானம் குறைந்துபோவதும் உண்டு.

ஒரு கேள்வி இங்கே எழும். மனிதருக்கே தடுப்பூசி போட்டு அவருடைய செல்லை எடுத்துக்கொள்ளக் கூடாதா? ரேபிஸுக்கு அது முடியும். ஆனால் இன்றைய ஆன்டிபாடி மருந்துகளில் பெரும்பங்கு கிருமிகளை நோக்கியவை இல்லை. புற்றுநோய்ச் செல்லை நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் விட்டுவிடக் காரணமான பிடி-1, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டும் புரதம், கெட்ட கொழுப்பு ரத்தத்தில் தங்கக் காரணமான புரதம், எல்லாம் நம் உடலின் சொந்தப் புரதங்கள். நம் உடல் அவற்றுக்கு எதிராக ஆன்டிபாடி தயாரிக்காது. ஆன்டிபாடி தரும் செல்களுக்குப் பி செல்கள் என்று பெயர். சொந்தப் புரதத்தைத் தாக்கக்கூடிய பி செல்களை, அவை பிறந்த இடத்திலேயே உடல் களைந்துவிடுகிறது. அப்படிக் களையாவிட்டால் நாம் உயிரோடு இருக்க முடியாது. சுண்டெலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மனிதப் புரதம் அதற்கு அந்நியம். தயங்காமல் ஆன்டிபாடி தயாரிக்கும்.

இந்தத் துறையில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்த இடம்தான். விலங்கு இங்கே வெறும் பாத்திரமாகவோ, மலிவான தொழிற்சாலையாகவோ இல்லை. அது மனிதனாக இல்லாததால்தான் அதால் இந்த வேலையைச் செய்ய முடிகிறது. ஆன்டிபாடி மனிதனுடையதாக இருக்க வேண்டும், அதைத் தயாரிக்கும் உடலோ மனிதனுடையதாக இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே உயிரில் சேர்க்க மரபணுவைத் தவிர வேறு வழியில்லை.

ஆன்டிபாடியின் மரபணு மற்ற மரபணுக்களைப் போல ஒரே துண்டாக இருப்பதில்லை. அது ஒரு சீட்டுக்கட்டு. மனிதரில் ஆன்டிபாடியின் இரு வகைச் சங்கிலிகளில் பெரியதான கனச் சங்கிலிக்கு 14-ஆவது குரோமோசோமில் வி என்ற பிரிவில் வேலை செய்யும் சுமார் 40 துண்டுகள், டி பிரிவில் இருபதுக்கும் மேற்பட்டவை, ஜே பிரிவில் 6. ஒவ்வொரு பி செல்லும் ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஒன்றை உருவி ஒட்டித் தன் ஆன்டிபாடியைத் தானே எழுதிக்கொள்கிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனெகாவாவுக்கு 1987-இல் நோபல் கிடைத்தது. எனவே சுண்டெலிக்குள் ஒரு மனித ஆன்டிபாடியின் மரபணுவை வைத்தால் போதாது. கலைத்து உருவ வேண்டிய கட்டு முழுவதையும் வைக்க வேண்டும். அது லட்சக்கணக்கான எழுத்துகள் நீளும் டி.என்.ஏ.

1989-இல் மரியான் பிரூகெமன், மைக்கேல் நியூபெர்கர் குழு கேம்பிரிட்ஜில் சில துண்டுகளை மட்டும் சுண்டெலிக் கருவுக்குள் வைத்துப் பார்த்தது. சுண்டெலியின் செல்கள் அந்த மனிதத் துண்டுகளை உருவி ஒட்டின. இது நடக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் இடையே கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தும், வெட்டி ஒட்டும் நொதிகள் இரண்டிலும் ஒரே குறியீட்டைப் படித்தன. 1994-இல் கலிபோர்னியாவில் இரண்டு நிறுவனங்கள் ஒரே ஆண்டில் அடுத்த படியை எட்டின. ஜென்பார்மில் நில்ஸ் லோன்பெர்க் குழுவும் செல் ஜெனெசிஸ் குழுவும் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடி மரபணுக்களை முடக்கி, மனிதத் துண்டுகளைச் சேர்த்தார்கள். முதலாவது ஹியூமேப் சுண்டெலி. இரண்டாவது ஈஸ்ட் செல்லின் செயற்கைக் குரோமோசோமில் பெரிய துண்டுகளை ஏற்றிக் கொண்டுவந்த ஜீனோமவுஸ் வழி.

மருந்தாக மாற இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. ஜீனோமவுஸிலிருந்து வந்த பனிட்டுமுமாப், பெருங்குடல் புற்றுநோய்க்காக 2006-இல் அனுமதி பெற்றது. சுண்டெலியில் உருவான முழு மனித ஆன்டிபாடி மருந்து என்ற வரிசையில் அதுவே முதல். எலும்புத் தேய்வுக்கான டெனோசுமாப் 2010-இல் வந்தது. ஹியூமேப் வழியில் வந்தவை இபிலிமுமாப், நிவோலுமாப். பரவிய மெலனோமாவோடு வாழ்நாள் மாதங்களில் எண்ணப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை ஆண்டுக்கணக்கில் வாழவைத்த மருந்துகள் இவை. 17சி7 பிறந்ததும் இதே ஹியூமேப் சுண்டெலியில்தான். நுரையீரல் புற்றுநோய்க்கு நிவோலுமாப் ஏறும் நோயாளிக்கும், கன்னத்தில் நாய் கடித்த குழந்தைக்கும் மருந்து ஒரே வம்சத்துச் சுண்டெலியிலிருந்து வந்திருக்கிறது.

ஆனாலும் அந்த முதல் தலைமுறைச் சுண்டெலிகள் முழு ஆரோக்கியமாக இல்லை. பி செல்கள் குறைவு, எதிர்ப்புத்திறன் மந்தம். காரணம் நுட்பமானது. ஆன்டிபாடியின் நுனிதான் எதிரியைப் பிடிக்கிறது. அதன் அடிப்பகுதி பி செல்லின் சவ்வில் ஊன்றி நின்று, பக்கத்தில் இருக்கும் புரதங்களோடு பேசி, 'வளர்', 'பெருகு', 'இன்னும் நன்றாகப் பிடி' என்ற கட்டளைகளைச் செல்லுக்குள் அனுப்புகிறது. மனித அடிப்பகுதியை வைத்தபோது அது சுண்டெலியின் பக்கத்துப் புரதங்களோடு சரியாகப் பேசவில்லை.

நியூயார்க் மாநிலத்தின் டேரிடவுனில் உள்ள ரீஜெனரான் நிறுவனத்தில் ஜார்ஜ் யான்கோபுலோஸ், ஆண்ட்ரூ மர்ஃபி, லின் மெக்டானல்ட் முதலானோர் இதற்குக் கண்ட விடை எளிமையானது. அதைச் செய்து முடிப்பதுதான் மலைபோன்ற வேலை. நுனிக்கான துண்டுகளை மட்டும் மனிதனாக்குவோம், அடிப்பகுதியைச் சுண்டெலியாகவே விட்டுவிடுவோம். அதுவும் வேறெங்கோ செருகாமல், சுண்டெலியின் குரோமோசோமில் அந்த மரபணுக்கள் இருந்த அதே இடத்தில் மாற்றிவைப்போம். அறுபது லட்சம் எழுத்துகளுக்கு மேல் இடம் மாற்றினார்கள். 2014-இல் விரிவான கட்டுரைகளாக வெளியான அந்த வெலாக்இம்யூன் சுண்டெலியின் எதிர்ப்புத்திறன் சாதாரணச் சுண்டெலியுடையதற்கு இணையாக இருந்தது. நல்ல ஆன்டிபாடி கிடைத்ததும் அதன் நுனியை மட்டும் எடுத்து மனித அடிப்பகுதியோடு இணைத்து, எஃகு உலைகளில் வெள்ளெலி (ஹாம்ஸ்டர்) செல்களில் வளர்த்துக்கொள்ளலாம். மனிதனாக வேண்டியது எது, விலங்காகவே விட வேண்டியது எது என்ற கோட்டைச் சரியான இடத்தில் போட்டதுதான் வெற்றி. என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். நோய் எதிர்ப்பு என்பது ஒரு பொருளின் வேலை இல்லை, ஓர் உயிரின் மொத்த வேலை.

அந்தச் சுண்டெலியின் திறமை கடுமையாகச் சோதிக்கப்பட்ட இடம் காங்கோவின் கிழக்குப் பகுதி. 2018 நவம்பரில், எபோலா பரவிக்கொண்டிருந்த மண்ணில், ஆயுதக் குழுக்களின் தாக்குதல்களுக்கு நடுவே, நான்கு மருந்துகளை ஒப்பிடும் பால்ம் ஆய்வு தொடங்கியது. 1976-இல் எபோலாவை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவரான ழான்-ழாக் முயெம்பே அதன் முன்னணியில் இருந்தார். நான்கில் ஒன்று புகையிலைச் செடியில் வளர்த்த ஆன்டிபாடிக் கலவை. ஒன்று வைரஸ் எதிர்ப்பு மருந்து ரெம்டெசிவிர். ஒன்று 1995-இல் கிக்விட் நகரில் எபோலாவிலிருந்து பிழைத்தவரின் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி. நான்காவது வெலாக்இம்யூன் சுண்டெலிகளில் உருவான மூன்று ஆன்டிபாடிகளின் கலவை. 681 நோயாளிகள் சேர்ந்தார்கள். 2019 ஆகஸ்டில் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தி, சிறந்த இரண்டை மட்டும் தொடர்ந்தார்கள். புகையிலைக் கலவை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இறந்திருந்தார்கள். சுண்டெலிக் கலவை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கு, பிழைத்தவரின் ஆன்டிபாடி பெற்றவர்களில் 35 விழுக்காடு. சாவின் வாயிலிலிருந்து மீண்ட ஒரு மனிதரின் உடல் கற்ற பாடமும், ஆய்வகத்துச் சுண்டெலி கற்ற பாடமும் ஏறக்குறைய சமமாக நின்றன. சுண்டெலிக் கலவை 2020 அக்டோபரில் அனுமதி பெற்றது. எபோலாவுக்கென்று அமெரிக்கா அனுமதித்த முதல் சிகிச்சை அது.

ரேபிஸுக்குத் திரும்புகிறேன். இந்தியாவில் 200 பேரிடம் நடந்த சோதனையில், கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த மருந்தோடு ரேபிஷீல்டை ஒப்பிட்டார்கள். எடைக்குக் கிலோ ஒன்றுக்கு 3.33 அலகு கொடுத்தாலே போதுமான அளவு ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது. கொடையாளர் வேண்டாம், குதிரை வேண்டாம், ஒவ்வொரு தொகுதியும் ஒரே மாதிரி. குறையும் உண்டு. ஒரே ஆன்டிபாடி வைரஸின் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும். அந்த இடம் மாறிய வைரஸ் நழுவிவிடலாம். அதனால்தான் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகளாவது சேர்ந்திருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் கொண்டுவந்த ட்வின்ராப் அப்படி இரண்டைச் சேர்த்தது. அவை இரண்டும் மனிதனாக்கப்படாத எலி ஆன்டிபாடிகள் என்பது கவனிக்க வேண்டியது. வாழ்நாளில் ஒருமுறை, காயத்தில் மட்டும் போடும் மருந்துக்கு அது தாங்கும். மாதாமாதம் நரம்பில் ஏற்றும் மருந்துக்குத் தாங்காது.

ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும் என்ற தேவைதான் என்னை மாடுகளிடம் கொண்டுவருகிறது. கால்நடை மருத்துவராக இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட பரவசத்தை மறைக்க விரும்பவில்லை.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ரோபல், யோஷிமி குரோய்வா குழு, ஜப்பானின் கிரின் நிறுவனத்தோடு சேர்ந்து, 2002-இல் சில கன்றுகளைப் பற்றி எழுதியது. அவற்றின் செல்களில் மாட்டின் குரோமோசோம்களோடு கூடுதலாக ஒரு சின்ன மனிதச் செயற்கைக் குரோமோசோம் இருந்தது. மனித ஆன்டிபாடிக்கான சீட்டுக்கட்டு முழுவதும் அதில். அந்தக் குரோமோசோமைக் கோழிச் செல்லில் கட்டி, வெள்ளெலிச் செல்லுக்கு மாற்றி, அங்கிருந்து மாட்டுச் செல்லுக்குக் கொண்டுவந்து, பிறகு நகலாக்க (குளோனிங்) முறையில் கன்றுகளாக்கினார்கள். கோழி, வெள்ளெலி, மாடு என்று மூன்று உயிர்கள் கைமாற்றிக் கொடுத்த மனிதத் துண்டு. அடுத்த பத்தாண்டில் மாட்டின் சொந்த ஆன்டிபாடி மரபணுக்களையும் முடக்கினார்கள். சுண்டெலியில் கற்ற பாடம் இங்கேயும் தலைகாட்டியது. மனித ஆன்டிபாடியின் அடிப்பகுதியில் ஒரு பகுதியை மாட்டினுடையதாக மாற்றிய பிறகுதான் ரத்தத்தில் போதிய அளவு மனித ஆன்டிபாடி ஏறியது.

சுண்டெலியிடமிருந்து ஒரு செல்லைத் தேர்ந்தெடுத்து ஒரே ஆன்டிபாடியை வளர்க்கிறோம். மாட்டிடமிருந்தோ பிளாஸ்மாவை எடுத்து, ஒரே எதிரியைப் பல இடங்களில் பிடிக்கும் ஆயிரக்கணக்கான மனித ஆன்டிபாடிகளை மொத்தமாகப் பிரிக்கலாம். குதிரைச் சீரம் செய்த வேலை, குதிரைப் புரதம் இல்லாமல். இந்த மாடுகளிலிருந்து மெர்ஸ் என்ற சுவாச நோயின் வைரஸுக்காகத் தெற்கு டகோட்டா மாநிலத்தின் எஸ்.ஏ.பி. நிறுவனம் எடுத்த மருந்து, 38 பேர் பங்கேற்ற முதல் கட்டச் சோதனையில் பரிசோதிக்கப்பட்டது. 2018-இல் வெளியான முடிவு, மருந்து பாதுகாப்பானதாகத் தெரிகிறது என்றது. கொரோனாவுக்கான மருந்தும் பெரிய சோதனை வரை போனது. இப்போது முதல் வகை நீரிழிவு தொடங்கும் கட்டத்தில் கணையத்தைக் காக்கும் மருந்துக்கு முயல்கிறார்கள். மாட்டு மருந்து எதுவும் இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

அந்தப் பசுக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நகலாக்கத்தில் கருக்கள் கலைவதும், அளவுக்கு மீறிப் பெரிதாகப் பிறந்த கன்றுகள் மூச்சுத் திணறிச் சாவதும் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தவை. பிழைத்து வளர்ந்த மாட்டுக்குத் தன் சொந்த இனத்தின் ஆன்டிபாடி இல்லை. மனித ஆன்டிபாடியை நம்பித்தான் அது கிருமிகளோடு வாழ்கிறது. அதை மேய விட முடியாது, மற்ற மந்தையோடு சேர்க்க முடியாது. இதற்காக இந்த வேலையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு குழந்தையின் உயிர் என்று வந்தால் நானே அந்த ஊசியைக் கேட்பேன். ஆனால் அந்த மாட்டின் வலி, தீனி, ரத்தம் எடுக்கும் இடைவெளி, ஓய்வு, முதுமை ஆகியவற்றுக்கு எழுதப்பட்ட விதிகள் மருந்தின் தரவிதிகளுக்குச் சமமான கண்டிப்போடு இருக்க வேண்டும். ஜிம்முக்கு அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை.

இதையெல்லாம் படிக்கும்போது என் மனம் போய் நிற்பது பாம்புக்கடியில். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 58,000. பெரும்பாலும் வயலில், களத்துமேட்டில், தரையில் படுத்து உறங்கும் வீடுகளில். அவர்களுக்கு இன்றும் இருப்பது 1890-களில் தொடங்கிய அதே குதிரைச் சீரம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்தி எடுப்பது. அந்த நஞ்சின் பெரும்பகுதியைத் தருவது செங்கல்பட்டு மாவட்டத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தரமான நஞ்சு, திறமையான கைகள். ஆனால் மருந்தில் உள்ள குதிரை ஆன்டிபாடிகளில் சிறு பங்குதான் நஞ்சைப் பிடிக்கிறது. மீதியெல்லாம் அந்தக் குதிரை தன் வாழ்நாளில் சந்தித்த வேறு எதிரிகளுக்கானவை. அதனால் பத்து, இருபது குப்பிகள் ஏற்ற வேண்டியிருக்கிறது, நடுக்கமும் தடிப்பும் ரத்த அழுத்தச் சரிவும் வருகின்றன. அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு மருந்தேற்ற வேண்டும் என்பதாலேயே சில சிறிய மருத்துவமனைகள் தயங்கிப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகின்றன. வழியில் உயிர் போகிறது.

மனித ஆன்டிபாடியைப் பாம்பு நஞ்சுக்கு எதிராகத் திருப்பும் முயற்சிகள் தொடங்கிவிட்டன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனாகரின் ஆய்வகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வகமும் சேர்ந்து, நாகம், கட்டுவிரியன், ராஜநாகம், ஆப்பிரிக்க மாம்பா ஆகியவற்றின் நரம்பு நஞ்சுகளில் ஒரு பெரிய குடும்பத்தைப் பிடிக்கும் மனித ஆன்டிபாடியை 2024-இல் வெளியிட்டன. அது ஆய்வகத்தில் ஈஸ்ட் செல்களின் மேல் வரிசைப்படுத்திய தொகுப்பிலிருந்து வந்தது. விரியன்களின் ரத்த நஞ்சு வேறு கதை. கண்ணாடி விரியனின் நஞ்சில் ரத்தத்தை உறையவிடாமல் செய்பவை, சிறுநீரகத்தைக் கெடுப்பவை, தசையை அரிப்பவை என்று பல உண்டு. ஒரே ஆன்டிபாடியால் முடியாது. பல நஞ்சுகளைப் பல இடங்களில் பிடிக்கும் கலவை வேண்டும். வெலாக்இம்யூன் போன்ற சுண்டெலி எபோலாவுக்கு மூன்றைத் தந்தது, தெற்கு டகோட்டாவின் மாடு ஒரே பிளாஸ்மாவில் ஆயிரக்கணக்கானவற்றைத் தருகிறது. அந்த வழி நம் பாம்புகளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும்.

தடையாக இருப்பது அறிவியல் என்று நான் நம்பவில்லை. பாம்புக்கடிக்கு ஆளாகிறவர்கள் மருந்தை விலைக்கு வாங்கும் நிலையில் இல்லை, ஆகவே அவர்களுக்காக எந்த நிறுவனமும் மரபணு மாற்றிய சுண்டெலியை ஒதுக்குவதில்லை. ரேபிஷீல்டு இந்தப் போக்குக்கு மாறாக வந்தது. ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் கண்டுபிடித்தது, புனேயில் ஒரு நிறுவனம் நம் நாட்டு விலைக்கு எடுத்துச் செய்தது. ஹியூமேப், ஜீனோமவுஸ் காலத்து அடிப்படைக் காப்புரிமைகள் பெரும்பாலும் காலாவதியாகிவிட்டன. ஆன்டிபாடியை உலைகளில் வளர்க்கத் தெரிந்த நிறுவனங்கள் புனேயிலும் பெங்களூரிலும் அகமதாபாத்திலும் ஐதராபாத்திலும் இருக்கின்றன. மரபணு மாற்றிய ஆய்வக விலங்குகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்கள் நம் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியே வருகிறார்கள். அரசுப் பணத்தில் ஒரு சுண்டெலி வம்சத்தை நாமே உருவாக்க வேண்டும், அதை எந்த ஆய்வகமும் கட்டணமின்றிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குப் போடும் முதல் ஊசி வடநெம்மேலியில் எடுத்த கண்ணாடி விரியன் நஞ்சாக இருக்க வேண்டும்.